மந்த வாயுக்கள் (எதனோடும் எளிதில் சேராத வாயுக்கள்): பட்டறைக்காரர்களும் மாணவர்களும் கேட்டவை

கணபதி, வெல்டிங் பட்டறை: ஆர்கான் வெல்டிங்கில் கார்பன் டை ஆக்சைடைக் கொடுத்தால் செலவு குறையாதா?

செலவு குறையும், வேலையும் கெடும். மின்வில்லின் வெப்பத்தில் கார்பன் டை ஆக்சைடு பிரிந்து வெளிவிடும் ஆக்சிஜன், டங்ஸ்டன் முனையையும் உருகிய எஃகையும் அரித்துவிடும். ஆர்கானின் வெளிக்கூட்டில் எட்டு எலக்ட்ரான்கள் நிறைந்திருப்பதாலும், ஒன்றைப் பிடுங்க மோலுக்கு 1,520 கிலோ ஜூல் வேண்டியிருப்பதாலும், அது எதனோடும் சேராமல் காற்றை மட்டும் விலக்கி நிற்கிறது. பால் டேங்குக்குள் இறங்கிப் பற்றவைப்பவர்கள் கவனிக்க வேண்டும்: ஆர்கான் காற்றைவிட 1.38 மடங்கு கனமானது, ஆகவே அடியில் தேங்கும். மூச்சு முட்டுவதுகூடத் தெரியாமல் ஆள் சாய்ந்துவிடுவார்.

திருப்பூர்: தேர்த்திருவிழா பலூனில் இருப்பது ஹீலியமா?

பெரும்பாலும் மலிவான ஹைட்ரஜன். தீக்குச்சி கொளுத்திச் சோதிக்க வேண்டாம்.

கோபி, பிளஸ் டூ மாணவர்: எட்டு எலக்ட்ரான் நிறைந்தால் வினையே இல்லை என்றால் செனான் என்ற மந்த வாயு புளோரினோடு சேர்ந்த செனான் டெட்ராபுளோரைடு எப்படி வந்தது?

நல்ல கேள்வி, தம்பி. பிளாட்டினம் ஹெக்சாபுளோரைடு ஆக்சிஜன் மூலக்கூறிலிருந்தே எலக்ட்ரானைப் பறிப்பதைக் கண்ட வேதியியலாளர் நீல் பார்ட்லெட், செனானின் அயனியாக்கும் ஆற்றலும் (ஓர் எலக்ட்ரானைப் பிடுங்க வேண்டிய ஆற்றல்) ஏறத்தாழ அதே 1,170 கிலோ ஜூல்தான் என்று கணக்கிட்டு, 1962இல் கனடாவில் பிளாட்டினம் ஹெக்சாபுளோரைடையும் செனானையும் கலந்தார். சிவந்த ஆவியும் நிறமற்ற வாயுவும் சேர்ந்த கணமே ஆரஞ்சு மஞ்சள் திண்மம் படிந்தது. அணு பெரிதாகப் பெரிதாக வெளி எலக்ட்ரானின் மீதுள்ள பிடி தளர்கிறது. புளோரின் போன்ற கொடிய கை நீண்டால் செனான் இணங்கிவிடுகிறது.

பொள்ளாச்சி, ஓய்வுபெற்ற ஆசிரியர்: அப்படியானால் ‘மந்த வாயு’ என்ற பெயரே பிழை, ‘உயரிய வாயு’ என்றே எழுத வேண்டும்.

ஏற்கிறேன், ஐயா, ஆனால் ஹீலியம், நியான், ஆர்கான் மூன்றையும் மந்தம் என்பதில் பழுதில்லை.

கோபி மாணவர்: ஆர்கானும் சேர்ந்ததாமே?

சேர்ந்தது. ஹெல்சின்கியில் 2000இல் ஆர்கான், ஹைட்ரஜன், புளோரின் மூன்றும் இணைந்த மூலக்கூறு ஒன்றை உறைந்த ஆர்கானுக்குள் உண்டாக்கினார்கள். ஏறத்தாழ மைனஸ் 246 டிகிரிக்கு மேல் அது சிதைந்துவிடும். நம் பட்டறைக் கணக்கில் அது மந்தமேதான்.

ஈரோடு: எங்கள் நியான் பலகை ஏன் நீலமாக எரிகிறது?

அதில் இருப்பது நியான் அன்று, பாதரசம் சேர்ந்த ஆர்கான். நியான் செம்மஞ்சளாகவே எரியும்.

பீளமேடு: சிலிண்டர் எங்கே மலிவு?

வியாபாரியைக் கேளுங்கள்.

அவிநாசி: ஆர்கான் விஷமா?

மூன்றாவது முறையாக வரும் கேள்வி இது. விஷமன்று, நாம் சுவாசிக்கும் காற்றிலேயே 0.93 விழுக்காடு அதுதான். டேங்குக்குள் அது நிறைந்தால் ஆக்சிஜனுக்கு இடமில்லை. வெளியே ஓர் ஆளை நிறுத்தாமல் உள்ளே இறங்காதீர்கள். உள்ளே விழுந்தவரைத் தூக்க அந்த ஆளும் குதித்துவிடக் கூடாது.