வருகிற மெயில் வருகிறது, போகிற மெயில் ஏன் ஸ்பாமில் விழுகிறது?

கேள்வி: கும்பகோணத்தில் குத்துவிளக்கு, பித்தளைப் பாத்திரம் மொத்த வியாபாரம். கடை மாடியில் பழைய கணினி ஒன்றில் டெபியன் லினக்ஸ் போட்டு, மெயிலை அனுப்பி வாங்கும் போஸ்ட்ஃபிக்ஸும், அதைப் பெட்டியில் வைத்துப் படிக்கத் தரும் டவ்காட்டும் நிறுவி, சொந்த டொமைனில் மெயில் ஓட்டுகிறேன். நிலையான ஐபி வாங்கியாயிற்று. வருகிற மெயில் ஒழுங்காக வருகிறது. நான் அனுப்பும் பில்தான் ஜிமெயிலில் ஸ்பாமுக்குப் போகிறது. சில மெயில் 550 5.7.25 என்று திரும்பி வருகிறது. கரண்ட் இல்லாத நேரத்தில் வருகிற மெயில் தொலைந்துவிடுமா?

பதில்: 5.7.25 என்றால் உங்கள் ஐபிக்கு பிடிஆர் பதிவு (ஐபியைக் கொடுத்தால் சர்வரின் பெயரைச் சொல்லும் பதிவு) இல்லை, அல்லது அதில் இருக்கும் பெயரைத் தேடினால் அதே ஐபி கிடைக்கவில்லை என்று பொருள். டொமைன் வாங்கிய தளத்தில் இதைத் தேடாதீர்கள், அங்கே இருக்காது. ஐபி கொடுத்த பிராட்பேண்ட் நிறுவனம்தான் போட்டுத் தர வேண்டும். போஸ்ட்ஃபிக்ஸில் சர்வர் பெயரைக் குறிக்கும் மைஹோஸ்ட்நேம் (myhostname), பெயருக்கு ஐபியைச் சொல்லும் ஏ பதிவு, பிடிஆர் மூன்றிலும் ஒரே பெயர் இருக்கட்டும்.

போட்ட பிறகும் சில மெயில் போய், சில மெயில் திரும்பினால் ஐபிவி6-ஐ (புதுவகை, நீளமான ஐபி முகவரி) சந்தேகப்படுங்கள். மோடம் அந்த முகவரியையும் கொடுத்திருக்கும். போஸ்ட்ஃபிக்ஸ் சில நேரம் அந்த வழியாகப் போகும். அதற்கு பிடிஆர் இருக்காது. போஸ்ட்ஃபிக்ஸின் மெயின்.சிஎஃப் (main.cf) கோப்பில் ஐநெட் புரோட்டோகால்ஸ் (inet_protocols) வரியை ஐபிவி4 (ipv4) என்று மட்டும் வைத்தால் தீர்ந்தது.

அடுத்து எஸ்பிஎஃப்: உங்கள் டொமைன் பெயரில் எந்தச் சர்வர்கள் மெயில் அனுப்பலாம் என்று சொல்லும் பதிவு. ஒரு டொமைனுக்கு ஒரே எஸ்பிஎஃப் பதிவுதான் இருக்கலாம். இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது. பில் போடும் மென்பொருள் வேறு சர்வர் வழியாக மெயில் அனுப்பினால் அதையும் அதே வரியில் சேருங்கள். மெயிலில் கையொப்பம் இடும் டிகேஐஎம்மின் சாவி 2048 பிட் என்றால், பதிவில் ஒரு துண்டுக்கு உள்ள 255 எழுத்து வரம்பைத் தாண்டும். மேற்கோள் குறிக்குள் இரண்டு துண்டாக இட வேண்டும். காப்பி எடுக்கும்போது ஓர் எழுத்து விட்டுப்போனாலும் கையொப்பம் தேறாது. இந்த இரண்டிலும் தேறாத மெயிலை என்ன செய்வது என்று சொல்லும் டிமார்க் பதிவை முதலில் 'none' (எதுவும் செய்யாதே) என்று வைத்து, இரண்டு வாரம் அறிக்கைகளைப் பார்த்துவிட்டு இறுக்குங்கள்.

பிராட்பேண்ட்காரர் பிடிஆர் தர மாட்டேன் என்றாலோ, சர்வருக்குச் சர்வர் மெயில் போகும் 25-ஆம் போர்ட்டை அடைத்திருந்தாலோ மல்லுக்கு நிற்காதீர்கள். வெளியே போகிற மெயிலை மட்டும் ஒரு ரிலே சேவை (உங்கள் மெயிலை வாங்கி அனுப்பிவைக்கும் வெளிச் சர்வர்) வழியாக 587-ஆம் போர்ட்டில் அனுப்புங்கள். ரிலேயையும் எஸ்பிஎஃப்பில் சேர்க்க மறக்காதீர்கள். அஞ்சல் பெட்டி உங்கள் மாடியிலேயே இருக்கட்டும். கடைக்கு இதுவே போதும் என்பது எங்கள் கருத்து.

கரண்ட் விஷயத்துக்குப் பயம் வேண்டாம். நீங்கள் எடுக்காவிட்டால் அனுப்புகிற சர்வர் மெயிலைத் தன் வரிசையில் வைத்துக்கொண்டு மறுபடி மறுபடி தட்டும். போஸ்ட்ஃபிக்ஸின் இயல்பான கெடு 5 நாள். சில மணி நேர மின்வெட்டெல்லாம் இதற்கு ஒரு பொருட்டே இல்லை. ஆனால் 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் அடித்தபோது வேதாரண்யம், முத்துப்பேட்டைப் பக்கம் பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அப்படி ஒன்று வந்தால் எம்எக்ஸ் பதிவை (வருகிற மெயில் எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்வது) வெளியூர் சர்வருக்குத் திருப்பத்தான் வேண்டும்; இந்தப் பதிவுகள் இருக்கும் டிஎன்எஸ் கணக்கின் கடவுச்சொல்லைத் தாளில் எழுதி வையுங்கள். யுபிஎஸ்ஸில் கணினியோடு மோடத்தையும் சேருங்கள். கரண்ட் வந்ததும் தானே எழும்படி பயாஸில் மாற்றிவிடுங்கள்.

மெயில் இணைப்பைப் பூட்டும் லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் 90 நாள் செல்லும். 60-ஆம் நாள் வாக்கிலேயே அதைப் புதுப்பிக்கும் செர்ட்பாட் நிரல் புதியதை வாங்கிவைத்துவிடும். டவ்காட்டோ ரீலோட் செய்யும்வரை பழையதையே நீட்டும். 91-ஆம் நாள் எல்லோர் போனிலும் எச்சரிக்கை வரும். புதுப்பித்ததும் போஸ்ட்ஃபிக்ஸ், டவ்காட் இரண்டையும் ரீலோட் செய்யும் கட்டளையை செர்ட்பாட்டின் டெப்ளாய் ஹூக்கில் சேருங்கள்.

கடை திறந்ததும் வரிசையில் நிற்கும் மெயிலைக் காட்டும் மெயில்க்யூ (mailq) கட்டளையை ஒரு தடவை அடியுங்கள். இரண்டு, மூன்று மெயில் நின்றால் சகஜம். முகம் தெரியாத முகவரிகளுக்கு நூற்றுக்கணக்கில் நின்றால் யாரோ ஒருவருடைய பாஸ்வேர்ட் திருடு போய்விட்டது: முதலில் போஸ்ட்ஃபிக்ஸை நிறுத்துங்கள், பாஸ்வேர்டை மாற்றுங்கள், வரிசையைக் காலி செய்யுங்கள், அப்புறம் ஸ்பாம் அனுப்பும் ஐபிகளைத் தொகுக்கும் ஸ்பாம்ஹாஸ் பட்டியலில் உங்கள் ஐபி ஏறிவிட்டதா என்று பாருங்கள்.