வாசகர் கேள்வி – பதில்: முழுப் பூமியும் ஒரே படத்தில்

கேள்வி: விண்வெளி நிலையத்திலிருந்து எடுத்த படங்களில் பூமியின் ஒரு வளைந்த துண்டுதான் வருகிறது. அவ்வளவு உயரத்திலிருந்தும் முழுப் பூமியை ஏன் எடுக்க முடிவதில்லை?
– உயர்தர மாணவி, மூதூர்

அது உயரமே இல்லை. 22 சென்ரிமீற்றர் விட்டமுள்ள கால்பந்து ஒன்றைப் பூமி என்று வையுங்கள். 400 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் நிலையம் பந்தின் தோலிலிருந்து 7 மில்லிமீற்றர் தள்ளித்தான் இருக்கும். கண்ணை அந்த அளவுக்குக் கிட்டக் கொண்டுபோனால் இரண்டு தையல் தெரியும், பந்து தெரியாது. நிலையத்திலிருந்து ஒரு நேரத்தில் பார்க்கக்கூடியது பூமிப் பரப்பில் ஏறத்தாழ 3 வீதம். மிக அகலமாகப் பிடிக்கும் மீன்கண் வில்லை போட்டால் வட்டமாக வரும். அதுவும் அந்த 3 வீதத்தின் வட்டமே. 30 கி.மீ. ஏறும் பலூனுக்குப் பந்திலிருந்து அரை மில்லிமீற்றர். பலூன் வீடியோக்களில் காணும் பெரிய வளைவில் முக்கால்வாசி வில்லையின் வேலை: அடிவானம் சட்டகத்தின் நடுவுக்கு வரும்போது அது எப்படி நிமிர்ந்துவிடுகிறது என்று கவனியுங்கள்.

பூமியோடு சேர்ந்து சுற்றி ஒரே இடத்துக்கு மேலே நிற்கும் நிலைத்த வானிலைச் செய்மதிகள் 35,786 கி.மீ. உயரத்தில் நிற்கின்றன. பந்துக் கணக்கில் 62 செ.மீ. அங்கிருந்து பூமி 17 பாகை அகலம், முழு வட்டமும் அடங்கும். அப்போதும் பரப்பில் 42 வீதந்தான் தெரியும்.

கேள்வி: 1972இல் சந்திரனுக்குப் போன அப்பலோ 17 எடுத்த புகழ்பெற்ற முழுப் பூமிப் படத்தில் நம் பக்கம் இருக்கிறதா?
– வாசகர், உவர்மலை

ஓரத்தில் இருக்கிறது. டிசம்பர் 7ஆம் திகதி, ஏறத்தாழ 29,000 கி.மீ. தொலைவில், ஹசல்பிளாட் கமராவில் 80 மி.மீ. வில்லை போட்டு எடுத்தது. சூரியன் முதுகுப் பக்கம் இருந்ததால் வட்டம் முழுதும் வெளிச்சம். நடுவில் ஆபிரிக்காவும் மடகஸ்காரும், கீழே அந்தாட்டிக்கா. வலது மேல் ஓரத்தில் சுருண்டு கிடக்கும் மேகம்தான் இரண்டு நாளுக்கு முன் தமிழ்நாட்டைத் தாக்கிய சூறாவளி. மூலப்படத்தில் தென்துருவம் மேலே, அச்சிட்டவர்கள் திருப்பிவிட்டார்கள். பகல் வெளிச்சத்துக்கு அளந்த கணநேர எடுப்பு என்பதால் நட்சத்திரம் ஒன்றும் பதியவில்லை.

கேள்வி: செய்மதி அனுப்பும் முழுப் பூமிப் படத்தை இணையம் இல்லாமல் வீட்டு மொட்டைமாடியிலேயே பிடிக்கலாமா?
– தொழில்நுட்பக் கல்லூரி மாணவர், நிலாவெளி

பிடிக்கலாம். உங்களுக்கு வாய்ப்பானது கொரியாவின் ஜிகே-2ஏ வானிலைச் செய்மதி. அது கிழக்கு நெடுங்கோடு 128.2 பாகையில் நிற்பதால், திருகோணமலையிலிருந்து பார்த்தால் நேர் கிழக்கிலிருந்து சற்றே தெற்கே (வடக்கிலிருந்து 98 பாகை), அடிவானத்துக்கு மேல் 35 பாகை. அந்தப் பக்கம் உங்களுக்குக் கடல்தான், மறைக்க ஒன்றுமில்லை. மாடியில் தண்ணீர்த் தாங்கி மட்டும் குறுக்கே நிற்கக் கூடாது.

தேவையானவை: ஒரு மீற்றர் அளவுள்ள, 1.7 கிகாஹேர்ட்ஸுக்கென்றே விற்கும் கம்பிவலை அன்டனா, அதே அலைவரிசைக்கு வடிகட்டியுடன் கூடிய குறைஇரைச்சல் பெருக்கி, கணினியில் செருகும் யூஎஸ்பி வானொலி அலைவாங்கி, மடிகணினி, சிக்னலைப் படமாக்கும் சற்டம்ப் மென்பொருள். அலைவரிசை 1692.14 மெகாஹேர்ட்ஸ்.

பெருக்கியை அன்டனாவின் வாயிலேயே, அதாவது அலை குவிந்து சேரும் முனையிலேயே, பூட்டுங்கள். பலர் அதைக் கணினிப் பக்கம் வைத்துவிட்டு, பத்து மீற்றர் வயரில் சிக்னலைத் தொலைத்துவிட்டுத் தேடுகிறார்கள். அதற்கு மின்சாரம் வயர் வழியாகவே போகும். மென்பொருளில் அந்த மின்சாரத்தை அனுப்பும் ‘பயஸ்-ரீ’யை இயக்க மறந்தால் பெருக்கி செத்த மாதிரிக் கிடக்கும். வைஃபைக்கான 2.4 கிகாஹேர்ட்ஸ் அன்டனா மலிவு, ஆனால் அதன் வாய்ப்பகுதி வேறு அலைநீளத்துக்கு அளந்தது. மாற்றியமைக்கத் தெரியாவிட்டால் வாங்க வேண்டாம்.

திசை சரியாக இருந்தும் சிக்னல் மெலிந்தால், அன்டனாவை அதன் அச்சிலேயே மெதுவாகச் சுழற்றுங்கள். அலை ஒரே தளத்தில் அதிர்கிறது; செய்மதி நமக்கு வெகு கிழக்கே நிற்பதால் அந்தத் தளம் நம் பார்வையில் நன்றாகச் சாய்ந்து வரும். சிக்னல் உச்சத்துக்கு வந்த இடத்தில் ஆணியை இறுக்குங்கள்.

தரவு பூட்டப்பட்டு வருகிறது. கொரிய வானிலை நிர்வாகம் தரும் திறவுகோல் கோப்பை மென்பொருளுக்குக் கொடுக்காவிட்டால் படத்துக்குப் பதில் வெறும் புள்ளிக்கோலம். எல்லாம் பொருந்தினால் 10 நிமிடத்துக்கொரு முழு வட்டம், கறுப்பு வெள்ளையில். அகச்சிவப்புப் படம் என்பதால் நள்ளிரவிலும் பூமி முழுதாகவே வரும். இலங்கையை இடது பக்கத்தில் தேடுங்கள்.

உப்புக்காற்று இணைப்பிகளைத் தின்றுவிடும். பூட்டிய அன்றே தானாக ஒட்டும் ரப்பர் நாடாவைச் சுற்றிவிடுங்கள். மழை தொடங்கிய பிறகு சுற்றினால் ஈரத்தை உள்ளேயே பூட்டுகிறீர்கள்.

நிறப்படம்தான் வேண்டுமென்றால் இணையத்துக்கே போக வேண்டும். ஜப்பானின் ஹிமவாரி 140.7 பாகையில் நிற்கிறது. அதற்கு நேர் கீழே நண்பகல் ஆகும்போது இங்கே காலை 8 மணி. அந்த நேரத்துப் படத்தில் வட்டம் முழுதும் வெளிச்சம். நம் நண்பகல் படத்தை எடுத்தால் கிழக்கு ஓரம் இருண்டிருக்கும்.

கேள்வி: பூமிக்கு முன்னால் சந்திரன் கடக்கும் நாசா படத்தில் சந்திரனின் ஓரம் பச்சையாக இருக்கிறதே, ஒட்டுவேலையா?
– வாசகர், கிண்ணியா

ஒட்டுவேலை இல்லை. 15 லட்சம் கி.மீ. தொலைவிலுள்ள டிஸ்கவர் செய்மதியின் கமரா சிவப்பு, பச்சை, நீலத்தைத் தனித்தனியே, சுமார் அரை நிமிட இடைவெளியில் எடுத்தது; பிறகுதான் அவற்றைச் சேர்த்தார்கள். அதற்குள் சந்திரன் நகர்ந்துவிட்டது. 2015 ஜூலையில் எடுத்த படம் அது.