பல் டாக்டர் ஆக எந்தப் பாடம் எடுக்கலாம்? வாசகர் கேள்விகள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் மூன்று பல் மருத்துவப் படிப்பைப் பற்றியவை. மூன்றிலும் பிள்ளைக்கு ஆசை இருக்கிறது, எந்தப் பாடத்தை எடுப்பது என்பதில்தான் வீட்டில் பேச்சு நிற்கிறது. கும்பகோணத்தில் இருபது வருடமாகப் பல் பார்க்கிறவன் என்பதால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

மகள் அரசுப் பள்ளியில் பத்தாவது முடித்திருக்கிறாள். பல் டாக்டராக வேண்டும் என்கிறாள். டீச்சர் பயோ மேத்ஸ் எடு என்கிறார், இவளோ கணக்கு வேண்டாம், பியூர் சயின்ஸ் போதும் என்கிறாள். பிளஸ் ஒன்னுக்கு நல்ல தனியார் பள்ளியாகப் பார்த்து மாற்றிவிடலாம் என்றும் யோசனை. என்ன செய்வது?
– ஒரு தாய், மன்னார்குடி

பி.டி.எஸ்., அதாவது பல் மருத்துவப் பட்டப்படிப்பில் சேர, கணக்கு வேண்டியதில்லை அம்மா. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் இருந்தால் போதும். பியூர் சயின்ஸில் தாவரவியல், விலங்கியல் என்று இரண்டு பாடமாக இருக்கும், அதுவும் செல்லும். நீட்டில் மொத்தம் 180 கேள்வி, 720 மதிப்பெண், அதில் சரிபாதி உயிரியல். ஆனால் இயற்பியலில் வரும் 45 கேள்விகளில் நிறைய கணக்குப் போட்டுத்தான் விடை எடுக்க வேண்டும், லாகரிதம், முக்கோணவியல், கொஞ்சம் வகையீடு தொகையீடு எல்லாம் வரும், அதனால் பியூர் சயின்ஸ் எடுத்தாலும் அந்த அளவுக்குக் கணக்கை அவள் தனியாகக் கற்றுக்கொண்டே ஆக வேண்டும். பயோ மேத்ஸில் இன்ஜினியரிங் கதவும் திறந்திருக்கும் என்பது உண்மை. கணக்கு ஓரளவு வரும் பிள்ளை என்றால் அதையே எடுக்கட்டும், கணக்கைப் பார்த்தாலே பயப்படுகிறவள் என்றால் வற்புறுத்தாதீர்கள்.

என்னைப் பதற வைத்தது உங்கள் கடைசி வரிதான். தயவுசெய்து பள்ளியை மாற்றாதீர்கள். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவம், பல் மருத்துவம் இரண்டிலும் 7.5 சதவீதம் உள் ஒதுக்கீடு 2020-லிருந்து இருக்கிறது. அதில் தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தாலும் கட்டணத்தை அரசே கட்டுகிறது. நல்ல ரிசல்ட் காட்டுகிற பள்ளி என்று நம்பி பிளஸ் ஒன்னுக்குத் தனியாருக்கு மாற்றி, அந்த இரண்டு வருடத்தால் இந்த உரிமையை இழந்து கண்ணீரோடு வந்து நின்ற பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன். நீட்டுக்குத் தனியாகப் பயிற்சி வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள், பள்ளி அரசுப் பள்ளியாகவே இருக்கட்டும்.

மகன் குடும்பம் அமெரிக்காவில் இருக்கிறது. பேத்தி இந்த வருடம் கல்லூரியில் சேருகிறாள், பிறகு பல் மருத்துவம் படிக்க வேண்டும் என்கிறாள். ஆனால் மேஜராக, அதாவது பட்டத்துக்கான முக்கியப் பாடமாக, சிற்பக் கலையை எடுக்கப் போகிறாளாம். மகனும் மருமகளும் பயாலஜிதான் எடுக்க வேண்டும் என்று பிடிவாதம். நான் சொன்னால் அவள் கேட்பாள் என்று என்னைத் தூது போகச் சொல்கிறார்கள். பேசாமல் இங்கே கூட்டிவந்து பி.டி.எஸ். சேர்த்துவிடலாமா?
– ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர், திருவையாறு

ஐயா, தூது போவதற்கு முன் அங்கே உள்ள முறையைத் தெரிந்துகொள்ளுங்கள். இங்கே பிளஸ் டூ முடித்து நீட் எழுதி நேராக பி.டி.எஸ்., நாலு வருடம் படிப்பும் ஒரு வருடம் பயிற்சியும். அங்கே பெரும்பாலும் நாலு வருடம் ஏதாவது ஒரு பட்டப்படிப்பு, அதற்கப்புறம்தான் நாலு வருடம் பல் மருத்துவம். 'பிரீ டென்டல்' என்று அங்கே சொல்வது பொதுவாக ஒரு மேஜரின் பெயர் அல்ல, பல் மருத்துவத்துக்கு விண்ணப்பிக்க வேண்டிய பாடங்களையெல்லாம் முடித்து வைத்துக்கொள்கிற ஏற்பாட்டுக்குப் பெயர். அந்தப் பாடங்களை முடித்தால் மேஜர் எதுவாகவும் இருக்கலாம், சிற்பமானாலும் சரிதான். பேத்தி கேட்பதில் தப்பே இல்லை.

என்னென்ன பாடம் என்றால், பொதுவாக உயிரியல், பொது வேதியியல், கரிம வேதியியல், இயற்பியல் நாலும் லேபோடு ஒவ்வொன்றும் ஒரு வருடம், உயிர்வேதியியல் ஒரு செமஸ்டராவது, கூடவே ஆங்கிலம். சில கல்லூரிகள் உடற்கூறியலும் நுண்ணுயிரியலும் கேட்கும். ஒவ்வொரு கல்லூரிக்கும் பட்டியல் கொஞ்சம் மாறும் என்பதால், அவள் சேர நினைக்கிற ஐந்தாறு கல்லூரிகளின் பட்டியலை முதல் வருடத்திலேயே எடுத்து ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளட்டும். டாட் என்று ஒரு நுழைவுத் தேர்வு உண்டு, அதில் உயிரியல், இரண்டு வேதியியல், கணக்கு, வாசிப்பு எல்லாம் வரும், இயற்பியல் வராது. கரிம வேதியியலை முடித்த பிறகு அதை எழுதுவதுதான் நல்லது.

உங்கள் மகனின் பயத்திலும் நியாயம் இருக்கிறது. பயாலஜி மேஜர் என்றால் இந்தப் பாடங்களில் பாதி மேஜருக்குள்ளேயே அடங்கிவிடும். சிற்பம் என்றால் அத்தனையும் மேலதிகமாக வந்து சேரும், அதோடு ஸ்டுடியோ வகுப்பு மணிக்கணக்கில் நேரத்தைத் தின்னும். விண்ணப்பத்தில் மொத்தச் சராசரியோடு அறிவியல் பாடங்களின் சராசரியையும் தனியாகக் கணக்கிடுகிறார்கள், ஒரு பாடத்தைத் திரும்பப் படித்தால் பழைய மதிப்பெண்ணும் சேர்ந்தேதான் எண்ணப்படும். அதனால் முதல் செமஸ்டரிலேயே மூன்று லேப் பாடத்தை ஏற்றிக்கொண்டு திணறுவதைவிட, இரண்டோடு ஆரம்பித்துக் கால் ஊன்றிக்கொள்வது எவ்வளவோ மேல். இப்படித் திட்டம் போட்டுக் காட்டினால் உங்கள் மகனும் இறங்கி வருவார் என்று நினைக்கிறேன்.

சிற்பத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் அது இந்தத் தொழிலுக்கு அந்நியமே இல்லை. பி.டி.எஸ். முதல் வருடத்தில் எங்களுக்கு மெழுகுக் கட்டியைக் கையில் கொடுத்து ஒரு கடைவாய்ப் பல்லைச் செதுக்கச் சொன்னார்கள், மேடு, பள்ளம், வேர் வளைவு எல்லாம் அளவு பிசகாமல் வர வேண்டும், நான் செதுக்கிய முதல் மூன்றையும் சார் அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டார். வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கிய பையன் கை நடுங்கி உட்கார்ந்திருந்தான், சின்ன வயதிலிருந்து களிமண்ணில் பொம்மை பிடித்துப் பழகிய பெண் அரை நாளில் முடித்துவிட்டாள். பேத்தி லீவுக்கு வரும்போது சுவாமிமலைக்குக் கூட்டிப் போங்கள், உங்கள் ஊருக்குப் பக்கம்தானே. அங்கே ஸ்தபதிகள் தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் கலந்து உருவம் பிடித்து, அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசி, சூட்டில் மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். பல்லுக்குப் போடும் உலோக கேப்பும் இதே வழியில்தான் வார்க்கப்பட்டது, 1907-ல் வில்லியம் டகார்ட் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் இந்த முறையைப் பல் வைத்தியத்தில் பரப்பினார். இப்போது ஸ்கேன் எடுத்து கம்ப்யூட்டரில் செய்வது கூடிவிட்டது, ஆனாலும் அரை மில்லிமீட்டர் வித்தியாசத்தை உணர்கிற கையும் கண்ணும் இன்றைக்கும் வேண்டும். டாட் தேர்விலேயே இதைச் சோதிக்க ஒரு பகுதி, 90 கேள்வி. ஒரு காகிதத்தை மடித்து ஓட்டை போட்டால் விரிக்கும்போது ஓட்டைகள் எங்கெங்கே இருக்கும், நாலு கோணங்களைச் சிறியதிலிருந்து பெரியது வரை எப்படி வரிசைப்படுத்துவது, இந்த மாதிரி. சிற்பம் பழகியவளுக்கு இந்தக் கேள்விகள் பழக்கமானவையாக இருக்கும்.

இங்கே கூட்டிவரும் யோசனை வேண்டாம் ஐயா. அதற்கும் நீட் எழுத வேண்டும். பி.டி.எஸ். முடித்து அமெரிக்காவில் தொழில் செய்யப் போனால், அங்கே பெரும்பாலும் மறுபடி இரண்டு மூன்று வருடம் கல்லூரிக்குப் போக வேண்டியிருக்கும். அவள் வாழ்க்கை அங்கே என்றால் படிப்பும் அங்கேயே நடக்கட்டும். லீவில் பக்கத்து கிளினிக்கில் அனுமதி கேட்டு, டாக்டர் வேலை செய்வதைக் கூட நின்று பார்க்கச் சொல்லுங்கள். அதையும் அங்கே எதிர்பார்க்கிறார்கள், அவளுக்கும் இந்த வேலை பிடிக்கிறதா என்று தெரிந்துவிடும்.

இரண்டு தடவை நீட் எழுதியும் பி.டி.எஸ். கிடைக்கவில்லை. அப்பா குத்தகை நிலத்தில் சம்பா போடுகிறார், மறுபடி கோச்சிங் பணம் கேட்க மனசு வரவில்லை. அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. விலங்கியல், வேதியியல் இரண்டிலும் இடம் இருக்கிறது. விலங்கியல் முடித்தால் பி.டி.எஸ். இரண்டாம் வருடத்தில் நேராகச் சேரலாம் என்கிறார் ஒருவர். உண்மையா?
– ஒரு மாணவன், பாபநாசம்

இல்லை தம்பி. எந்த பி.எஸ்சி. படித்தாலும் பி.டி.எஸ்.ஸை நீட் எழுதி முதல் வருடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். அப்படிச் சொன்னவர் பணம் ஏதாவது கேட்டால் கொடுத்துவிடாதே.

வீட்டில் சும்மா உட்காராமல் கல்லூரியில் சேர்ந்துவிடு. நீட்டுக்கு வயது உச்சவரம்பு கிடையாது, இத்தனை தடவைதான் எழுதலாம் என்ற கணக்கும் கிடையாது, அதனால் படித்துக்கொண்டே இன்னொரு முறை எழுதலாம். ஆனால் ஒரே ஒரு முறை என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு எழுது. எல்லை வைக்காமல் ஐந்து வருடம் எழுதி, கையில் பட்டமும் இல்லாமல் நின்ற பிள்ளைகளை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது.

பல் மருத்துவம் கிடைக்காமலே போனால் எந்தப் பட்டத்தோடு வாழ விருப்பமோ அதை எடு, நீட்டுக்கு எது உதவும் என்று மட்டும் பார்த்து எடுக்காதே. என்னைக் கேட்டால் வேதியியல். நீட்டில் 180 மதிப்பெண் அந்தப் பாடம், தொடர்பு விடாது. பி.எட். படிக்கலாம், மருந்துக் கம்பெனிகளில் தரக்கட்டுப்பாட்டு வேலைக்கும் போகலாம். ஆனால் பூச்சி, மீன், தவளை என்றால் நேரம் போவதே தெரியாத ஆளா நீ? அப்படியானால் விலங்கியல், நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் இறால் பண்ணைகளில் அந்தப் படிப்புக்கு வேலை உண்டு. சேருவதற்கு முன் அங்கே படிக்கிற சீனியர்கள் இரண்டு பேரிடம் லேப் வாரத்தில் எத்தனை நாள் நடக்கிறது என்று விசாரி. நீட் வழக்கமாக மே முதல் வாரத்தில் வரும், உன் செமஸ்டர் தேர்வும் அதையொட்டி வரலாம், அட்டவணை வந்ததும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்.