தச்சர் பதில்கள்: அக்கா கொடுத்த குழந்தைக் கட்டில்

கேள்வி: அண்ணே, எனக்கு அடுத்த மாதம் பிரசவம். அக்கா தன் பிள்ளைகள் படுத்த மரக்கட்டிலைக் கொடுத்திருக்கிறார். வாங்கி 14 வருடமாகிறது. ஒரு பக்கச் சட்டம் மேலே ஏறி கீழே இறங்கும் வகை. அது ஒரு மூலையில் இப்போது லேசாக ஆடுகிறது. வாசல் கேட்டுக்கு வாங்கி மீந்த பழைய மஞ்சள் பெயிண்டை அடித்து அப்பா அதைப் புதுசு மாதிரி ஆக்கி வைத்திருக்கிறார். "மூணு பிள்ளைங்க இதுலதானே வளர்ந்தாங்க, என்ன ஆச்சு?" என்று அம்மா கேட்கிறார். ஸ்குருவை மாற்றினால் போதுமா?
- தோட்டத்து வாசகி, பேராக்

பதில்: தங்கச்சி, ஸ்குருவை மாற்ற வேண்டாம். அந்தக் கட்டிலில் பிள்ளையைப் போடவும் வேண்டாம். சுங்கை சிப்பூட்டில் இருக்கும் என் பட்டறைக்கு அலமாரி வரும், மேசை வரும், சாமி மேடை வரும். எல்லாவற்றையும் பழுது பார்த்துக் கொடுப்பேன். பக்கம் இறங்கும் குழந்தைக் கட்டிலை மட்டும் தொடுவதில்லை. கூடக் காசு தருகிறேன் என்றாலும் மாட்டேன். ஏன் என்று சொல்கிறேன், அம்மாவுக்கும் படித்துக் காட்டுங்கள்.

கட்டிலை வெளிச்சத்துக்கு இழுத்து, ஆடுகிற மூலைக்குப் பக்கத்தில் குனிந்து பாருங்கள். சட்டத்தின் கீழ்முனையில் கட்டை விரல் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் துண்டு இருக்கும். அதுதான் சட்டத்தைக் காலோடு பிடித்து வைத்திருக்கிறது. நம் ஊர் வெக்கையிலும் ஈரத்திலும் பல வருடம் இருந்தால் பிளாஸ்டிக் மொறுமொறுவென்று ஆகிவிடும். ஸ்குரு போகிற ஓட்டையைச் சுற்றி வெள்ளையாக ஒரு கோடு தெரிந்தால் அது வெடிப்பு. ஒருநாள் அது உடையும்போது சட்டம் முழுசாக விழாது. விழுந்தாலாவது சத்தம் கேட்டு எழுந்து வருவோம். ஒரு மூலை மட்டும் கழன்று, மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவே சரிவாக ஒரு இடுக்கு விழும். உருண்டு வரும் குழந்தையின் உடம்பு அதற்குள் சறுக்கிப் போய்விடும், தலையோ முகமோ சிக்கிக்கொள்ளும். மூச்சு முட்டுகிற பிள்ளையால் கத்த முடியாது.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. அமெரிக்காவில் 2000-லிருந்து பத்து வருடத்துக்குள் குறைந்தது 32 குழந்தைகள் இந்த வகைக் கட்டிலில் இறந்ததாக அரசு கணக்குச் சொன்னது. 2011 ஜூன் 28 முதல் அங்கே இதைச் செய்யவும் கூடாது, விற்கவும் கூடாது. பழையதை விற்பதும் அந்தத் தடைக்குள் வரும்.

அம்மா சொல்வதும் பொய்யில்லை. மூன்று பிள்ளைகளும் நன்றாக வளர்ந்தார்கள், சந்தோஷம். ஆனால் அந்த மூன்று பேரையும் தூக்கவும் கிடத்தவும் சட்டத்தை ஏற்றி இறக்கியதில்தான் அந்தத் துண்டு தேய்ந்து போயிருக்கிறது. நாலாவதாக வரும் உங்கள் பிள்ளைக்கு மிச்சமிருப்பது அந்தத் தேய்மானம்தான்.

அடுத்தது மரம். நம் நாட்டுக் கட்டில்களில் நிறைய ரப்பர் மரத்தில் செய்தவை. 25, 30 வருடம் பால் கொடுத்த மரத்தைச் சாய்த்தால் ஒரு காலத்தில் விறகுக்குத்தான் போகும். எண்பதுகளுக்குப் பிறகுதான் அது மேசை நாற்காலியாக மாறி வெளிநாட்டுக்கெல்லாம் கப்பலேறியது. நல்ல மரம், நான் விரும்பி வேலை செய்கிற மரம். ஆனால் மாவுச்சத்து அதிகம். அறுத்ததும் மருந்தேற்றி நன்றாகக் காயவைக்காவிட்டால் வண்டு வைத்துவிடும். கட்டில் காலடியில் மைதா போல மெல்லிய தூள் கொட்டிக் கிடக்கிறதா, குண்டூசித் தலை அளவு ஓட்டைகள் தெரிகிறதா பாருங்கள். உங்கள் கட்டிலில் பெயிண்ட் அடித்திருப்பதால் ஓட்டை மூடிப் போயிருக்கலாம்.

ஸ்குரு சுற்றிக்கொண்டே இருந்தால் தீக்குச்சியும் மரப்பசையும் வைத்து அடைத்து மறுபடி முறுக்குவது எல்லா வீட்டிலும் நடக்கிற வேலை. அலமாரிக் கதவுக்கு அது போதும். எட்டு மாதப் பிள்ளை எழுந்து நின்று, சட்டத்தைப் பிடித்து உலுக்கும் கட்டிலுக்குப் போதாது.

அப்பா மேல் கோபப்படாதீர்கள், பாசத்தில் செய்திருக்கிறார். ஆனால் கேட்டுக்கு அடிக்கிற எண்ணெய் பெயிண்டில், அதுவும் பழைய மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு டின்களில், நிறத்துக்காக ஈயம் கலந்திருக்கலாம். பல் முளைக்கிற பிள்ளை முதலில் கடிப்பது மேல் சட்டத்தைத்தான். ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும், கெடுத்ததைத் திரும்பச் சரிசெய்ய முடியாது. பெயிண்டைத் தேய்த்து எடுத்துவிடலாம் என்று யாரும் உப்புத்தாளோடு உட்காரக் கூடாது. அந்தத் தூசிதான் இன்னும் மோசம். முக்கியமாக, மாசமாக இருக்கும் நீங்கள் பக்கத்திலேயே நிற்கக் கூடாது.

சரி, வேறு யாராவது நாலு பக்கமும் அசையாத கட்டில் ஒன்று கொடுத்தால்? வாங்கலாம், பார்த்து வாங்குங்கள். பத்து வருடத்துக்கு மேல் ஆனது வேண்டாம். தயாரித்த தேதி பெரும்பாலும் பலகைக்கு அடியில் ஒட்டியிருக்கும். ரூலரை எடுத்து இரண்டு கம்பிகளுக்கு நடுவே அளந்து பாருங்கள். 6 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் உடம்பு நுழைந்து தலை மாட்டிக்கொள்ளும். ஒரு கம்பி உடைந்தோ காணாமலோ இருந்தாலும் அதே கதைதான். மூலைக் கால்கள் சட்டத்துக்கு மேலே துருத்திக்கொண்டு நிற்கக் கூடாது. நம் பிள்ளைகளுக்கு அரைஞாண், தாயத்துக் கயிறு, கழுத்துச் சங்கிலி என்று ஏதாவது ஒன்று இருக்குமே, அது அந்த மூலையில் மாட்டி இறுக்கிவிடும். கழுத்தில் இருப்பதைத் தூங்கும்போது கழற்றி வைப்பது எந்தக் கட்டிலுக்கும் நல்லது.

மெத்தை கெட்டியாக இருக்க வேண்டும். மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவே இரண்டு விரலுக்கு மேல் நுழையக் கூடாது. பாட்டி காலத்து இலவம்பஞ்சு மெத்தை நடுவில் பள்ளம் விழுந்திருக்கும், அது வேண்டாம். தலையணை, அணைப்புத் தலையணை, ஓரத்தில் கட்டுகிற மெத்தென்ற துணி எதுவும் உள்ளே வேண்டாம். பிள்ளையை மல்லாக்கப் படுக்க வையுங்கள்.

விலை குறைந்த, அலங்காரமில்லாத, பக்கம் அசையாத புதுக் கட்டில் போதும். கிளினிக் தாதி பிரசவத்துக்குப் பிறகு வீட்டுக்கு வருவார் அல்லவா, பிள்ளை படுக்கிற இடத்தை அவரிடம் காட்டிக் கேளுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

பழைய கட்டிலை அப்படியே குப்பை மேட்டில் வைக்காதீர்கள், அடுத்த லயத்துக்காரர் தூக்கிக்கொண்டு போய்விடுவார். பெயிண்ட் இருப்பதால் அடுப்பிலும் எரிக்க வேண்டாம். போல்டைக் கழற்றித் தனியாக வைத்துவிட்டு, சட்டங்களைப் பிரித்துக் கட்டிப் போடச் சொல்லுங்கள்.

கேள்வி: பழைய ஸ்பிரிங் தொட்டில் 30 வெள்ளிக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?
- வாசகர், சிம்மோர்

பதில்: இரும்பு ஸ்டாண்டு நேராக, ஆடாமல் இருந்தால் அதை மட்டும் வாங்குங்கள். ஸ்பிரிங்கும் கொக்கியும் புதுசாகப் போடுங்கள். துருப்பிடித்த ஸ்பிரிங் முன்கூட்டியே சொல்லிவிட்டு அறுவதில்லை. ஸ்பிரிங் அறுந்தாலும் தொட்டில் கீழே விழாதபடி தாங்கிப் பிடிக்கும் கயிறு அதற்குள்ளே ஓடுகிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் கட்டிக்கொள்ளுங்கள். துணித் தொட்டிலில் பிள்ளை சுருண்டு, தாடை நெஞ்சில் முட்டினால் மூச்சுப் பாதை குறுகும். ஆட்டித் தூங்க வைத்ததும் தூக்கித் தட்டையான படுக்கையில் போட்டுவிடுங்கள்.