பெண்களுக்கான சட்டம் என் மகளுக்கும் உண்டா?

கேள்வி: என் மகள் திருநங்கை, வயது 27. அறுவை சிகிச்சை செய்யவில்லை. சிங்கப்பூரில், தோ பாயோவில் அலுவலக வேலை. ஆளுங்கட்சி கொண்டுவந்த புதிய வேலையிடச் சட்டம் பெண்களைக் காக்கும் என்கிறார்கள். இவளையும் காக்குமா? கட்சிக்காரர்களைத் தெரியும் என்று ஒருவர், அடையாள அட்டையில் பாலினத்தை மாற்றித் தர 1,500 வெள்ளி கேட்கிறார். கொடுக்கலாமா? (ஈசூன் வாசகி)

பதில்: அம்மா, முதலில் அந்தப் பணம். ஒரு காசு கொடுக்காதீர்கள். நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்புக்குக் கட்டணம் கிடையாது. அவர் கடிதம் எழுதித் தரலாம், ஆனால் அட்டையை மாற்றுவது குடிநுழைவு ஆணையம். அதற்கு அறுவை சிகிச்சை முடிந்ததற்கான நிபுணரின் மருத்துவச் சான்று வேண்டும். அது இல்லாமல் எந்தக் கட்சிக்காரராலும் மாற்ற முடியாது. இப்படித்தான் ஒரு பெண் 1,200 வெள்ளியைக் கொடுத்துவிட்டு என்னிடம் வந்தார். கையில் இருந்தது ஒரு கடித நகல், அதுவும் அவர் பெயரைத் தப்பாக அடித்தது.

இனி சட்டம். வேலையிட நியாயத்தன்மைச் சட்டம் 2025 ஜனவரியில் நிறைவேறியது. பாலினம், கர்ப்பம், திருமண நிலை, பராமரிப்புப் பொறுப்பு எல்லாம் அதில் உண்டு. பாலின அடையாளம் இல்லை. திருநங்கை என்பதற்காக வேலையைவிட்டு நீக்கினால் அந்தச் சட்டத்தில் வழக்குப் போட முடியாது. அது இன்னும் நடப்புக்கும் வரவில்லை.

இதிலேயே இன்னொன்று. 25 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் நிறுவனங்களுக்கு இப்போதைக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அதாவது 24 பேர் உள்ள அலுவலகத்தில், கர்ப்பமானதற்காக ஒரு பெண்ணை அனுப்பினாலும் இது உதவாது. மகளின் அலுவலகத்தில் எத்தனை பேர் என்று கேட்டு வையுங்கள். பலர் இதைக் கவனிப்பதே இல்லை.

தண்டனைச் சட்டத்தின் 377ஏ பிரிவு நீங்கியதால் எல்லாம் சரியாகிவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது ஆண்களுக்கிடையிலான பாலுறவைக் குற்றமாக்கிய பிரிவு மட்டுமே. அதை நீக்க 2022இல் நாடாளுமன்றத்தில் நடந்த வாக்கெடுப்பில், ஆளும் மக்கள் செயல் கட்சி, கட்சி முடிவுப்படியே வாக்களிக்க வேண்டும் என்ற கொறடா உத்தரவோடு நின்றது; எதிர்க்கட்சியான பாட்டாளிக் கட்சி உத்தரவைத் தளர்த்தியது. அதற்கு முன்பே, 2021இல் பாட்டாளிக் கட்சியின் ஹீ டிங் ரு திருநர் மாணவர்கள் பற்றிக் கேட்டபோது, அப்போதைய கல்வி அமைச்சர் லாரன்ஸ் வோங், மேலைநாட்டுக் கலாசாரச் சண்டைகளை இங்கே இறக்குமதி செய்யக் கூடாது என்றார். எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. 1971இலேயே கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் பாலின மாற்று சிகிச்சை செய்த நாடு இது. 1996இல் அப்படி மாறியவர்களின் திருமணத்தை மாதர் சாசனத்திலேயே ஏற்றவர்கள், வேலைக்கு மட்டும் ஏன் தயங்குகிறார்கள்?

வேலையிடத்தில் யாராவது கேலி செய்தால், மிரட்டினால், தொல்லைத் தடுப்புச் சட்டம் எல்லாருக்கும் பொருந்தும். நியாயமான வேலை நியமனத்துக்கான முத்தரப்பு (அரசு, முதலாளிகள், தொழிற்சங்கம்) வழிகாட்டி நெறிகளின்படி, அவற்றைக் கவனிக்கும் டஃபெப் (TAFEP) அமைப்பிலும் புகார் கொடுக்கலாம். வந்த குறுஞ்செய்திகளை அழிக்க வேண்டாம், தேதியோடு படமெடுத்து வைக்கச் சொல்லுங்கள். அப்புறம், அந்த ஆள் மறுபடி வந்தால் அடையாள அட்டை நகலையும் கொடுத்துவிடாதீர்கள்.