நானோடிராப்ல 400, க்யூபிட்ல 45: எதை நம்புறது?

கேள்வி: மாவிலைலேர்ந்து சிடிஏபி (CTAB, செடி டிஎன்ஏ பிரிக்க உதவுற சோப்பு மாதிரி ரசாயனம்) முறைல டிஎன்ஏ எடுத்தேன். டிஎன்ஏ அளவு பாக்குற நானோடிராப் மெஷின் மைக்ரோலிட்டருக்கு 400 நானோகிராம் காட்டுது, 260/280 (அந்த ரெண்டு நானோமீட்டர் ஒளியும் உறிஞ்சப்படுற விகிதம், சுத்தத்தைக் காட்டும்) கூட 2.0 இருக்கு. அதே சாம்பிள் க்யூபிட்ங்கிற இன்னொரு மெஷின்ல வெறும் 45. சீக்வென்சிங் அனுப்பணும், எந்த நம்பரை எழுதுறது?

பதில்: 45-ஐ எழுதுங்க. மெஷின் ரெண்டும் கெட்டுப்போகல, ரெண்டும் அளக்குறதே வேற வேற. நானோடிராப் 260 நானோமீட்டர் ஒளி எவ்ளோ உறிஞ்சப்பட்டுச்சுன்னு பாத்து, 1 ஓடிக்கு (OD, ஒளி உறிஞ்சல் அளவு) 50 நானோகிராம்னு பெருக்கி சொல்லிடும், உறிஞ்சுனது டிஎன்ஏவா ஆர்என்ஏவா உதிரி நியூக்ளியோடைடான்னு அதுக்கு பிரிச்சு பாக்க வழியே இல்ல. க்யூபிட்ல போடுற டை (ஒளிரும் சாயம்) அப்படியில்ல, தனியா மிதக்குறப்போ கிட்டத்தட்ட ஒளிரவே ஒளிராது, இரட்டை இழை டிஎன்ஏல போய் ஒட்டுனாதான் பளிச்சுனு ஒளிரும்.

அந்த 2.0 தான் இங்க முக்கியமான துப்பு. சுத்தமான டிஎன்ஏன்னா 1.8 பக்கம் இருக்கணும், 2.0 ஆர்என்ஏவோட நம்பர். சிடிஏபில ஐசோப்ரோபனால் ஊத்துறப்போ டிஎன்ஏவோட சேந்து ஆர்என்ஏவும் படிஞ்சிடும், ஜெல் ஓட்டிப் பாருங்க, கீழ்ப்பக்கம் புகை மாதிரி தெரியும்.

ஆர்என்ஏவை வெட்டுற என்சைமான ஆர்என்ஏஸ் ஏ போட்டு 37 டிகிரில அரை மணி நேரம் வைங்க. ஆனா வச்சுட்டு நேரா நானோடிராப்ல அளந்துடாதீங்க, நிறைய பேர் இங்கதான் குழம்புறாங்க, ஆர்என்ஏ துண்டு துண்டாயிருக்குமே தவிர எங்கயும் போயிருக்காது, அந்த நியூக்ளியோடைடும் 260-ல உறிஞ்சும், அதனால நம்பர் குறையவே குறையாது. டிஎன்ஏவைப் பிடிச்சு வச்சு மத்ததைக் கழுவி விடுற வடிகுழாய்ல (column) போட்டு சுத்தம் பண்ணிட்டு அளங்க, அப்போ ரெண்டு நம்பரும் கிட்ட கிட்ட வரும்.

க்யூபிட் பக்கமும் தப்பு நடக்கும். ஃப்ரிட்ஜ்லேர்ந்து எடுத்த ஸ்டாண்டர்டு (ஒப்பிட்டு அளக்க வச்சிருக்குற, அளவு தெரிஞ்ச டிஎன்ஏ கரைசல்) ரூம் டெம்பரேச்சருக்கு வரணும், கலக்கி 2 நிமிஷம் விட்டு படிங்க, ட்யூபை கைலயே பிடிச்சுட்டு நிக்காதீங்க, சூடு ஏறுனா ஒளிர்வு குறையும். பேரை மூடிமேல எழுதுங்க, பக்கவாட்டுல எழுதுனா ஒளியை மறைக்கும். மாவிலை டிஎன்ஏ சர்க்கரைப் பிசினோட கொழகொழன்னு இருக்கும், 1 மைக்ரோலிட்டர் எடுத்தா பாதி பிபெட் டிப்லயே ஒட்டிக்கும், டைல்யூட் பண்ணி 5 எடுங்க. சாம்பிளை 95 டிகிரில சூடு பண்ணியிருந்தா மட்டும் இந்த 45-ஐயும் நம்ப வேண்டாம், இழை பிரிஞ்சுபோன டிஎன்ஏவை அந்த டை சரியா பிடிக்காது.