முக்கோண அலை ஒரு ஸ்தாயி கீழே ஒலிப்பது பற்றி

வணக்கம். உங்கள் நெஸ் எமுலேட்டரில் (நின்டெண்டோவின் பழைய நெஸ் விளையாட்டுக் கருவியைக் கணினியில் போலச்செய்யும் மென்பொருள்) சதுர அலைகள் சரியான சுருதியில் இருக்க, முக்கோண அலை மட்டும் ஒரு ஸ்தாயி கீழே ஒலிப்பதாகவும், இடையிடையே வெடிப்பொலி எழுவதாகவும் எழுதியிருந்தீர்கள். இவை தனித்தனிப் பிழைகள் என்று கருதுகிறேன்.

சதுர அலைகளின் டைமர் (சுருதியைத் தீர்மானிக்கும் இறங்குமுக எண்ணி) இரண்டு சிபியு சுழற்சிகளுக்கு ஒருமுறை குறைகிறது. முக்கோண அலையின் டைமரோ ஒவ்வொரு சுழற்சியிலும் குறைய வேண்டும். ஒலிப்பகுதி முழுவதையும் நீங்கள் பாதி வேகத்தில் இயக்கினால், சரியாக இந்த ஒரு ஸ்தாயி வேறுபாடுதான் தோன்றும்.

வெடிப்பொலிக்குக் காரணம் பெரும்பாலும் வகுத்தலில் இருக்கும். என்டிஎஸ்சி (அமெரிக்க, ஜப்பானியத் தொலைக்காட்சி முறை) கருவியின் சிபியு நொடிக்கு 17,89,773 சுழற்சிகள் ஓடுவதால், நொடிக்கு 44,100 ஒலி மாதிரிகள் எடுத்தால் ஒரு மாதிரிக்கு ஏறத்தாழ 40.58 சுழற்சிகள் வரும். அதை 40 என்று முழு எண்ணாக வெட்டினால் நொடிக்கு 644 மாதிரிகள் மிகுந்து, இடையகம் (ஒலிக்கும் முன் மாதிரிகள் காத்திருக்கும் நினைவகப் பகுதி) நிரம்பி வழியும். (நானும் ஒரு வார இறுதியை இந்தப் பின்னத்திடம் தொலைத்தவன்தான்.) எனவே, மீதியை அடுத்த மாதிரிக்குக் கொண்டுசெல்லும் திரட்டி ஒன்றை வையுங்கள்.

ஃபிரேம் கவுண்டரை (ஒலியின் நீளம், உரப்பு மாற்றம் ஆகியவற்றுக்கு நேரம் காட்டும் எண்ணி) திரைச் சட்டகத்தோடு பிணைத்திருந்தால் அதையும் பிரித்துவிடுங்கள். திரைச் சட்டகம் ஏறத்தாழ 29,780.5 சுழற்சிகளில் முடிகிறது. ஃபிரேம் கவுண்டரின் நான்கு படி முறையோ ஒரு சுற்றுக்கு 29,830 சுழற்சிகள் எடுக்கிறது. மேலும், $4017 (பதினாறடிமான எண்) முகவரியில் எழுதியவுடன் ஃபிரேம் கவுண்டர் மீளமைவதில்லை. மூன்று அல்லது நான்கு சுழற்சிகள் கழித்தே மீளமைகிறது.